காகம் வராத வளவு

எங்கள் வளவுக்குக் காகத்தைத் தவிர எல்லாப் பறவையும் வந்தது.

சண்டை முடிந்து நாங்கள் முகாமிலிருந்து பாப்பாமோட்டைக்குத் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் கிணறு இருந்த இடத்தில் ஒரு பற்றைக்காடும் கிடந்தன. தகரக் கூரையும் தறப்பாள் சுவருமாக ஒரு கொட்டிலைப் போட்டோம். மற்றவர்கள் வேலி அடைக்கவும் வயல் துப்புரவாக்கவும் ஓட, நான் முதல் வேலையாக ஒரு சிரட்டையைக் கயிற்றில் கட்டி வேப்ப மரத்தில் தொங்கவிட்டு அதற்குள் தண்ணீர் ஊற்றினேன். நீர்ப்பாசனக் கந்தோரில் ஓவசியராக இருந்து, கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரை வயல் வயலாகப் பங்கிட்டு இளைப்பாறியவன் நான். கை சும்மா இருக்குமா?

சிரட்டைக்குப் பக்கத்தில் ஒரு பழைய கதவுப் பலகையைத் தடிகளில் நிறுத்தி, குறுணல் அரிசி, பப்பாசித் தோல், தேங்காய்ப்பூச் சக்கை எல்லாம் பரப்பினேன். விடிந்ததும் பார்க்க வேண்டுமே! மைனா வந்தது. புலுனிக் குருவிக் கூட்டம் வந்து, எல்லாம் ஒரே நேரத்தில் கதைத்து, ஒன்று சொன்னதை மற்றது கேளாமல் கலைந்து போனது. கிளிகள் வந்து இறங்கியபோது வேப்ப மரம் பாரம் தாங்காமல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது; நான்தான் தோள் கொடுத்து நிமிர்த்தினேன். நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம், மரம் இன்னும் கொஞ்சம் சாய்வாகத்தான் நிற்கிறது. ஒரு மயில் ஒவ்வொரு நாளும் காலைச் சாப்பாட்டுக்கு வரும்; குறுணல் பிந்தினால் குசினி வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்க்கும். ஒருநாள் கட்டுக்கரையிலிருந்து ஒரு கூழைக்கடா வந்து பற்றை வெட்டித் துப்புரவாக்கிய எங்கள் கிணற்றைச் சுற்றி நடந்து, மீன் இல்லை என்று கண்டுகொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனது. பழைய ஓவசியரை அதற்கு அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்.

“இஞ்சாருங்கோ, வேலி அடைக்கிற எண்ணம் ஏதும் இருக்கோ?” என்று என் மனைவி மங்கையற்கரசி கேட்டாள்.

“வேலி அடைச்சால் மயில் எப்பிடி வாறது, அரசி?”

“மயிலுக்குப் பறக்கத் தெரியும். மாட்டுக்குத்தான் தெரியாது. அது வந்து என்ரை கத்தரிக் கண்டைத் தின்னுது.”

அவள் அப்படித்தான். ஒரு மனிதன் சந்தோஷமாக ஏதாவது சொல்ல வாய் திறந்தால் அதற்குள் ஒரு மாட்டைக் கொண்டுவந்து விடுவாள்.

அந்த அரசிதான் ஒருநாள் சோற்றுப் பானையைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நின்றாள்.

“வந்த நாளிலையிருந்து ஒரு காகத்தைக் கண்டனீங்களோ?”

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். ஒன்றுகூட இல்லை. காகம் சனத்தோடு சீவிக்கிற பறவை. ஊர் வெறித்துப்போனதும் அதுவும் எங்களோடு இடம்பெயர்ந்து, முகாமில் நிவாரண அட்டை இல்லாமலே மூன்று நேரமும் எங்களை விட நன்றாகச் சாப்பிட்டது. எங்களைப் பஸ்ஸில் ஏற்றித் திருப்பி அனுப்பியபோது காகத்தைப் பதிய ஒருவருக்கும் தோன்றவில்லை.

“கிராம சேவகரிட்டைச் சொல்லிக் காகத்துக்கும் மீள்குடியேற்றப் பதிவு வைக்கச் சொல்லட்டோ?”

“பகிடி விடாதேங்கோ. அப்பாவின்ரை வருஷத் திவசம் வருகுது.”

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. திவசத்துக்குச் சமைத்தால் முதற் சோறு காகத்துக்கு. காகம் வந்து எடுத்தால் செத்தவர் வந்து சாப்பிட்டார் என்று அர்த்தம். எடுக்கும் வரைக்கும் வீட்டில் ஒருவரும் வாய் நனைக்கக் கூடாது. அரசியின் தகப்பன் இரத்தினத்தார் சண்டையின் கடைசி ஓட்டத்தில், பாதை வழியில் கண்ணை மூடியவர். அதன் பிறகு திவசமெல்லாம் வவுனியாவில், அரசியின் தங்கை றஞ்சிதத்தின் வீட்டில்தான். அங்கே காகத்துக்கு என்ன பஞ்சம்? இலை விரிக்க முன்னமே மதிலில் வந்து குந்திக்கொண்டு, கெதியாகப் போடு என்று கத்தும்.

“அப்பா இந்த மண்ணிலை பிறந்தவர்” என்றாள் அரசி. “இஞ்சை வந்து ஒரு பிடி எடுத்தால் நான் இருப்பன். வரேல்லையெண்டால் இது இனி அவற்றை மண் இல்லை. எனக்கும் இல்லை. திவசத்துக்கு றஞ்சிதம் வானிலை வாறாள். அந்த வானிலையே நானும் வவுனியாவுக்குப் போறன்.”

“அப்ப நான்?”

“நீங்கள் மயிலோடை இருங்கோ.”

அவள் பகிடிக்குச் சொல்லவில்லை. பகிடிக்குச் சொன்னால் கையில் இருக்கிற அகப்பையை ஆட்டுவாள். அன்று அகப்பை அசையவில்லை. றஞ்சிதத்தின் வீட்டில் யன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுக் கக்கூசுச் சுவர் தெரியும். காகத்தை விட்டால் பார்க்க அங்கே ஒரு பல்லி மட்டும்தான் உண்டு. அங்கே போக எனக்கு மனமில்லை. அரசியை அனுப்பிவிட்டு இங்கே தனியே இருக்கவும் முடியாது. நான் சொல்வதை நம்பாமல் கேட்க யார் இருக்கிறார்கள்?

ஆகவே காகம் பிடிக்கப் புறப்பட்டேன்.

காகங்கள் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். சந்தியிலிருந்த ஆமிக் காம்பின் குசினிக்குப் பின்னால்தான். ஒரு கடகம் நிறையச் சோற்றோடு சைக்கிளில் போய், காம்பு வேலியிலிருந்து எங்கள் வளவு வரைக்கும் பாதை நெடுகச் சோற்றைத் தூவிக்கொண்டு வந்தேன். காகம் ஒன்றன்பின் ஒன்றாகக் கொத்திக்கொண்டு வந்து எங்கள் வேப்ப மரத்தில் ஏறிவிடும் என்பது திட்டம். வளவு வாசலில் இறங்கித் திரும்பிப் பார்த்தால், ஊரிலுள்ள ஆடெல்லாம் எனக்குப் பின்னால் வரிசையாக நின்றன. அந்த ஊர்வலத்தைக் கண்டு அரசி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“இதிலை எது அப்பா?”

அடுத்த நாள் திரும்பவும் போனேன். குசினிப் பொடியன் ஒருவன், கையில் வாளியோடு, வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிற கிழவனைக் கண்டு, “மொனவத ஐயா?” என்று கேட்டான். என்ன வேண்டும் என்கிறான். கந்தோரில் பழகிய சிங்களத்தைத் தூசி தட்டி எடுத்து, எனக்குக் கொஞ்சம் காகம் வேண்டும் என்று சொன்னேன். அவன் வாளியை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“ஒக்கம கெனியன்ன!” என்றான். எல்லாவற்றையும் கொண்டுபோ என்று தாராளமாகத் தந்துவிட்டான். பிறகு வாளியைக் கவிழ்த்தான். வாளியிலிருந்து விழுந்த சோறு அப்படியே கிடக்க, மீன் தலைகளுக்குத்தான் காகங்களுக்குள் சண்டை நடந்தது. அந்தச் சண்டையைப் பார்த்தபடி நின்றபோது எனக்கு மண்டையில் வெளித்தது.

ஆனால் எங்கள் வீட்டில் திவசம் முடியும் வரைக்கும் மச்சம் மாமிசம் கிடையாது. மீன் என்ற சொல்லைச் சொன்னாலே அரசி வாய் கொப்பளிக்கச் சொல்லுவாள். நான் வளவின் கிழக்கு எல்லைக்குப் போய் அயல்வீட்டு ராக்கம்மாவைக் கூப்பிட்டேன். மலையகத்திலிருந்து வந்து எங்களோடு காணி பெற்றுக் குடியேறியவள். கருவாட்டுக் குழம்பு இல்லாமல் அவள் அடுப்பு எரிந்ததை நான் கண்டதில்லை.

“ராக்கம்மா, கருவாட்டுத் தலையளை என்ன செய்யிறனீ?”

“தூக்கிப் போட்டுருவேங்க ஐயா. ஏன், ஐயாவுக்கு வேணுமா? அம்மா வெரதம்னு சொன்னாங்களே!”

“எனக்கில்லை, காகத்துக்கு.”

ராக்கம்மா விளக்குமாற்றை நிலத்தில் ஊன்றினாள்.

“இந்த ஊருல ஒரே ஒரு நல்லது காக்கா இல்லாததுதாங்க ஐயா. அதனாலதான் என் கோழிக்குஞ்சுக உசுரோட திரியுது. அதுலயா மண்ணள்ளிப் போடப் பாக்குறீங்க?”

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பழைய மீன் வலை ஒன்றைத் தேடி எடுத்து, தடி வளைத்து, அவளுடைய குஞ்சுகளுக்கு ஒரு கூடு கட்டிக் கொடுத்தேன். சாதாரணக் கூடா அது? கட்டுக்கரை அணைக்கட்டுக்குக்கூட அவ்வளவு முடிச்சுப் போட்டிருக்க மாட்டார்கள். காகம் என்ன, நுளம்பு நுழைவதற்கே அனுமதி கேட்க வேண்டும். கட்டி முடித்த பிறகுதான் ராக்கம்மா, “கதவு எங்கங்க ஐயா?” என்று கேட்டாள். ஒரு பக்கத்தை அவிழ்த்துக் கதவும் வைத்தேன்.

“சரிங்க. ஒரு குஞ்சு கொறஞ்சாலும் அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிருவேன், ஆமா.”

கருவாட்டுத் தலைகளை ஒரு பால்மாத் தகரப் பேணிக்குள் போட்டு மூடி, தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். காலையில் அரசி பிள்ளையார் கோயிலுக்குப் போனதும் ஒரு தலையை எடுத்துத் தாங்கிக்குப் பக்கத்தில் வைப்பேன். முதலில் மயில் வந்து மணந்து பார்த்துவிட்டு, இந்த வீடு கெட்டுப்போய்விட்டது என்பதுபோல் விலகி நடந்தது. பிறகு ஒருநாள், இறகு சிலும்பிய ஒரு காகம் வந்தது. தலையைச் சரித்து என்னைப் பார்த்தது, மீனைப் பார்த்தது, திரும்பவும் என்னைப் பார்த்தது. கவ்விக்கொண்டு சந்திப் பக்கம் பறந்தது.

அங்கே போய் என்ன சொன்னதோ தெரியாது, அடுத்தடுத்த நாட்களில் பாப்பாமோட்டைக்குச் சூரியன் பிந்தித்தான் உதித்தது; அவ்வளவு காகம் வானத்தை மறைத்துக்கொண்டு வந்தது. காம்புக்குப் பின்னால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. அந்தக் குசினிப் பொடியனுக்குப் பொழுது போயிருக்காது, பாவம்.

அரசியின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. வேப்ப மரத்தை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டாள்.

“அப்பா வாறதுக்கு ஆயத்தம் நடக்குது, பாத்தியளோ?”

“நான் சொல்லேல்லையோ?” என்றேன். நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

அவள் மூக்கை உறிஞ்சினாள். “அது சரி, இது என்ன மணம்?”

“ராக்கம்மா வீட்டுச் சமையல்.”

“சோளகக் காத்து தென்மேற்கிலையிருந்தெல்லோ வாறது. ராக்கம்மா வீடு கிழக்கை.”

“சனம்தான் திசை மாறி அலைஞ்சுது, காத்து மட்டும் மாறாதோ?”

அரசி இன்னொருதரம் மூக்கை உறிஞ்சினாள். பிறகு உழுந்து ஊறப்போடப் போய்விட்டாள்.

திவசத்தன்று அடம்பனிலிருந்து உறவுகள் டிராக்டரில் வந்தார்கள். றஞ்சிதம் வானில் வந்தாள். கதவைத் திறந்ததும் பின் இருக்கை வெறுமையாக இருந்ததைக் கண்டேன். அக்காவுக்கென்று ஒதுக்கிய இடம். அரசி தலை முழுகி ஈரத் தலைமுடியோடு பூசணிக்காய்க் கறி, வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, உழுந்து வடை, பாயாசம் எல்லாம் சமைத்தாள். படைத்து முடிந்ததும் முதற் சோற்றை வாழையிலையில் எடுத்துவந்து என் பலகையில் வைத்தாள்.

“கா... கா... அப்பா, வாங்கோ.”

கூப்பிட வேண்டிய தேவையே இருக்கவில்லை. வேப்ப மரம், கூரை, தாங்கி, டிராக்டர் எல்லா இடத்திலும் காகம். நான் சால்வையைத் தோளில் சரிசெய்துகொண்டு, பாராட்டை ஏற்றுக்கொள்ள ஆயத்தமாக நின்றேன்.

காகங்கள் இலையைப் பார்த்தன. அசையவில்லை.

“கா... கா...”

ஒன்று இறங்கி வந்து வடையைத் தூக்கியது. எல்லோரும் மூச்சை அடக்கினோம். அது வடையைப் புரட்டிப் பார்த்து, கீழே போட்டு, இலையின் ஓரத்தில் சொண்டை இரண்டு பக்கமும் துடைத்துவிட்டு மரத்துக்கே போய்விட்டது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. இவ்வளவு நாளும் இவைகளுக்குக் கருவாட்டுத் தலை கொடுத்தவன் நான். இனிப் பூசணிக்காயை யார் மதிப்பார்?

“எடுத்ததுதானே, சாப்பிடுவம்” என்றார் அடம்பன் பெரியப்பா. பசியில் அவருக்குக் குரல் மெலிந்திருந்தது.

“எடுத்துப் போட்டுத் துப்பினது கணக்கில்லை” என்றாள் றஞ்சிதம்.

புலுனிகள் வந்து சோற்றைக் கிளறின. அதுவும் கணக்கில்லை என்றாள். பிறகு மயில் நடந்து வந்து, ஒருவரையும் பார்க்காமல், பாயாசம் முழுவதையும் குடித்தது.

“மயில் முருகன்ரை வாகனம்” என்றேன். “மாமா முருக பக்தர். முருகனே ஆளை அனுப்பியிருக்கிறார்.”

“அத்தான், நீங்கள் கொஞ்சம் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ.”

வெயில் ஏறியது. பிள்ளைகள் சிணுங்கத் தொடங்கின. பெரியப்பா டிராக்டர் சில்லில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டார். றஞ்சிதம் அக்காவின் கையைப் பிடித்தாள்.

“அக்கா, சீலையளை எடுத்து வை. அப்பாவுக்கு வவுனியாதான் பிடிச்சுப்போச்சு. இவ்வளவு காகம் வந்தும் ஒண்டும் எடுக்கேல்லையெண்டால் என்ன அர்த்தம்?”

அரசி கையை விடுவித்துக்கொண்டாள். கொட்டிலுக்குள் போனாள். கொடியிலிருந்த சீலைகளை ஒவ்வொன்றாக உருவி மடிக்கிற சத்தம் தறப்பாள் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. நான் முற்றத்தில் நின்றேன். காலை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

அப்போது அந்தச் சிலும்பல் காகம் மரத்திலிருந்து இறங்கி, இத்தனை சனத்துக்கு நடுவில், நேரே என்னிடம் நடந்து வந்தது. என் வேட்டிக் கரையைச் சொண்டால் பிடித்து இழுத்தது. நான் மெல்லக் காலை உதறினேன். அது தாங்கிப் பக்கம் சில அடி நடந்து, திரும்பி நின்று, வாடா என்று கத்தியது. மரத்திலிருந்த மற்றவையும் எழும்பித் தாங்கியைச் சுற்றி இறங்கின.

சீலைக் கட்டோடு வாசலில் நின்ற அரசி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டைக் கீழே வைத்தாள். தாங்கிக்குப் பின்னால் போனாள். நான் அவளுக்குப் பின்னால் ஓடினேன். பேணியைக் குனிந்து எடுத்து மூடியைத் திறந்தாள். மணம் குப்பென்று வந்தது.

பொய் சொல்ல வாய் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. என் சீவியத்தில் அப்படி நடந்தது அன்றைக்கு ஒருதரம்தான்.

அவள் பேணிக்குள் பார்த்தபடி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“அப்பாவுக்கு எட்டு ஆர் செய்தது?”

எட்டாம் நாள், செத்தவர் ஆசைப்பட்டுச் சாப்பிட்டதெல்லாம், மச்சமும் சேர்த்துச் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். ஆளைத் திருப்தியாக அனுப்பிவிட்டுத்தான் பிறகு சைவம். மாமாவின் எட்டாம் நாள் நாங்கள் ஒரு பதுங்குகுழிக்குள் இருந்தோம். எங்களுக்கே கஞ்சி இல்லை.

“ஒருத்தரும் செய்யேல்லை, அரசி.”

“ஓம். செய்யேல்லை. அதுக்குப் பிறகு வருஷா வருஷம் பருப்பும் பூசணியும் வைச்சுக் கூப்பிடுறம். ஒரு நாள் மீனில்லாமல் அந்த மனுசன் கோப்பையிலை கை வைச்சிருப்பாரோ?” அவளுடைய கண் கலங்கியிருந்தது. ஆனால் வாயோரத்தில் வேறு ஏதோ நடந்துகொண்டிருந்தது. “எல்லாத்திலும் பெரிய தலை எது?”

“அரசி, றஞ்சிதம் கண்டால்...”

“மறைச்சுக்கொண்டு நில்லுங்கோ. அந்த உடம்பு வேறை எதுக்கு?”

நான் சால்வையை விரித்துப் பிடித்து, அதை வெயிலில் காயவைக்கிறவன் மாதிரி நின்றேன். என் முதுகுக்குப் பின்னால் அவள் ஒரு தலையைச் சீலைத் தலைப்புக்குள் செருகினாள். “சோறு ஆறிப்போச்சு, இன்னொருக்கால் வைச்சுப் பாப்பம்” என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டு உள்ளே போய், புது இலையில் சோற்றைக் குவித்து, மேலே பூசணிக்காயை வடிவாகப் பரப்பிக்கொண்டு வந்தாள். பலகையில் வைத்தாள்.

இலை பலகையைத் தொட்டிருக்காது. பலகை, இலை, சோறு எல்லாம் கறுப்பாகிவிட்டது. அடித்த செட்டைக் காற்றில் பெரியப்பாவின் சால்வை பறந்து டிராக்டரில் விழுந்தது. பலகையின் ஒரு கால் முறிந்தது.

“ஐயோ அப்பா!” என்று றஞ்சிதம் வாய்விட்டு அழுதாள். “என்ன பசியிலை வந்திருக்கிறார், பார் அக்கா!”

“ஓமடி” என்றாள் அரசி. “நெடுநாள் பசி.”

கிழக்கு எல்லையில் ராக்கம்மா நின்றிருந்தாள். கூட்டத்திலிருந்து விலகிப் பறந்த ஒரு காகத்தின் சொண்டில் என்ன இருந்தது என்று அவள் கண்டுவிட்டாள். வாயைத் திறந்தாள். அரசி அவளைப் பார்த்தாள். ராக்கம்மா வாயை மூடி, விழுங்கி, திரும்பத் திறந்தாள்.

“பெரியய்யா நல்லா சாப்புடுறாருங்கம்மா!”

அதற்குப் பிறகு நடந்த சாப்பாட்டைச் சொல்லி முடியாது. பெரியப்பா மட்டும் மூன்று பேருடைய பங்கைச் சாப்பிட்டார். பிறகு டிராக்டரில் அவரை ஏற்ற ஊரே கைகொடுக்க வேண்டியிருந்தது. ராக்கம்மாவையும் கூப்பிட்டு இலை போட்டோம். பின்னேரம் வான் புறப்படும்போது றஞ்சிதம் தலையை வெளியே நீட்டினாள்.

“அப்ப, நீ வரேல்லையோ அக்கா?”

“அப்பா இஞ்சை இருக்கேக்கை நான் எங்கை வாறது? நீ போட்டு வா.”

அப்பா இருக்கத்தான் செய்தார். அடுத்த நாளும் இருந்தார், அதற்கடுத்த நாளும் இருந்தார், சுற்றத்தோடு இருந்தார். மைனாவின் குறுணலைத் தின்றார். கொண்டைக்குருவியின் வாலைப் பிடித்து இழுத்தார். சிரட்டைக்குள் குளித்தார். நான் ஒரு மண்ணாங்கட்டியை எடுத்தால் போதும், குசினியிலிருந்து குரல் வரும்.

“அப்பாவுக்கோ எறியிறீங்கள்?”

அவள் மட்டும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். “அப்பா, செத்தல் மிளகாய் காயப் போட்டிருக்கு, வாயை வைச்சியள் எண்டால் தெரியும்” என்பாள். “இப்பதானே தந்தனான், என்ன கத்தல்?” என்பாள். ஒருநாள் அவர் அவளுடைய சவர்க்காரத்தைக் கொண்டு ஓடியபோது, உயிரோடு இருந்த காலத்தில் ஒரு மகள் தகப்பனைப் பேசக் கூடாத பேச்செல்லாம் பேசினாள். பேசிவிட்டுச் சிரித்துக்கொண்டே போய் வேலியை அடைக்கத் தொடங்கினாள்.

என்னுடைய மற்றப் பறவைகள் பாவம். வளவின் அந்தத் தொங்கல் மூலையில், பற்றை மறைவில், ஒருவருக்கும் தெரியாமல் அவைகளுக்கு ஒரு புதுப் பலகை அடித்தேன். அடுத்த நாள் விடியக் குறுணலோடு பதுங்கிப் பதுங்கிப் போனேன்.

மாமா எனக்கு முன்னமே அங்கே வந்து நின்றார்.